அழுதது போதும்

எனக்கு வேண்டிய பெரியவர் ஒருவர். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாவல் என்றால் அவருக்கு உயிர். இரவல் வாங்கின புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுத் திருப்பித் தருகிறவர். அப்படிப்பட்ட வாசகர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு ஜூன் மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆப்கானிஸ்தானத்தில் பிறந்த காலித் ஹுசைனி எழுதி 2007-ல் வெளிவந்த 'எ தௌஸண்ட் ஸ்ப்ளெண்டிட் ஸன்ஸ்' நாவலை அன்றைக்குத்தான் முடித்திருந்தார்.

"ரெண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை, சார். அந்த மரியம் பட்ட பாட்டைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். அவள் புருஷன் ரஷீத் இருக்கிறானே, அவனெல்லாம் மனுஷனா?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொய் அழுகை அல்ல. நிஜமாகவே அவருக்குத் தொண்டை அடைத்தது.

அவருடைய பேத்தி காபி கொண்டுவந்து வைத்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில், அவள் ஆசைப்பட்ட படிப்புக்கே இடம் கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "எப்போதம்மா புறப்பாடு?" என்று கேட்டேன். பெண் பதில் சொல்லாமல் தாத்தாவைப் பார்த்தாள்.

"ஹாஸ்டலாவது ஒன்றாவது! இங்கேயே, பக்கத்துக் காலேஜில் பி.காம். சேர்த்தாயிற்று. காலம் கெட்டுக் கிடக்கிறது. பெண் குழந்தை இல்லையா?" என்றார் பெரியவர்.

பெண் காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாவல் மேஜைமேல் கிடந்தது. அவர் மறுபடியும் மரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானும் காபியைக் குடித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. கெட்டவர்களைக் கவனிக்கப் போலீஸும் கோர்ட்டும் இருக்கின்றன. அவர் நல்லவர், பேத்தியிடம் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கட்டுப்பாட்டில் அகப்பட்ட பெண்களின் கதைகள் நமக்கு எப்போதுமே மிகவும் பிடிக்கும். வங்காளத்து விதவைக்காக நம் பாட்டிமார்கள் அழுதார்கள். சரத் சந்திரர் நம் ஊர்க்காரர்தான் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அவர் இங்கே வாசிக்கப்பட்டார். கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்து காண்டேகரைக் கொண்டுவந்து கொடுத்தார், அவருக்காகவும் அழுதோம். இன்று புத்தகக் கண்காட்சியில் பார்த்தால் அட்டைக்கு அட்டை ஒரு முக்காடு, முக்காட்டுக்குள் இரண்டு கண்கள். அந்தக் கண்களைப் பார்த்து வாங்கி, அழுது, மூடி, அலமாரியில் வைக்கிறோம். ஏதோ ஒரு புண்ணிய காரியம் செய்து முடித்தாற்போல் மனசு லேசாகிறது. இந்த லேசான மனசின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இந்த நாவல்களிலிருந்து தப்பித்து ஓடுவதற்கு நமக்கு மூன்று கொல்லைப்புற வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல்: 'அது அந்த ஊரில்.' ஆப்கானிஸ்தானத்தில் நடப்பது சாமானியக் கொடுமை அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்றாக்கினார்கள். 2022 டிசம்பரில் சர்வகலாசாலையையும் அடைத்தார்கள். ஆனால் தூரத்துப் பரிதாபத்துக்கு ஆயுசு எவ்வளவு? 2001 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி வானொலியில் அந்தப் பெண்களுக்காக உருகிப் பேசினார்; நடக்கிற யுத்தம் அவர்களுடைய உரிமைக்காகவுந்தான் என்றார். 2021 ஆகஸ்டில் படைகள் விமானம் ஏறிப் போய்விட்டன. பெண்கள் அங்கேயே இருந்தார்கள்.

இரண்டாவது வாசல்: 'அது அந்தக் காலத்தில்.' அ. மாதவையா 1903-ல் 'முத்துமீனாட்சி' எழுதினார். பால்ய விதவை தன் கதையைத் தானே சொல்லுகிற நாவல். இன்று அதை எடுத்தால், 'அடடா, அந்தக் காலத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது!' என்கிறோம். பெண்ணுக்குக் கல்யாண வயசு 14 என்று 1929-ல் சட்டம் வந்தது. 1978-ல் அதை 18 ஆக்கினார்கள். சரி. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அப்போது 20 வயசுக்கும் 24 வயசுக்கும் இடையில் இருந்த பெண்களில், 18 நிறையும் முன்பே கல்யாணமானவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 23 பேர். சரத் சந்திரர் பிறந்த வங்காளத்தில் 41 பேருக்கும் மேல். படிப்பில் முன்னணியில் நிற்கிறோம் என்று மார்தட்டுகிற தமிழ்நாட்டில் 12 பேருக்கும் மேல். எந்தக் காலம் ஐயா அந்தக் காலம்?

மூன்றாவது வாசல்தான் மிகவும் சௌகரியமானது: 'அது அவர்கள் வீட்டில்.' 2004-ல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. பதின்மூன்று வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குத் தெரியாமல் கவிதை எழுதிய பெண் எழுதிய நாவல் அது. படித்தவர்களில் பலர் என்னிடம் சொன்னது என்ன? 'முஸ்லிம் வீடுகளில் இவ்வளவா!' என்பதுதான். அடுத்த தெருவை ஆப்கானிஸ்தானமாக்கிவிட்டு, தங்கள் வாசலைச் சாத்திக்கொண்டார்கள். வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய வீடு நம் தாய்வழியிலோ தந்தைவழியிலோ ஒன்றுகூட இல்லையா? இரண்டு தலைமுறைக்கு மேல் பின்னால் போக வேண்டியதில்லை, ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

இந்த மூன்று வாசல்களையும் அடைத்துவிட்டு எழுதினவர் ஒருவர் உண்டு. ஆஷாபூர்ணா தேவி. 1909-ல் பிறந்தவர். பாட்டிக்குச் சம்மதமில்லை என்பதால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். 1964-ல் வெளிவந்த அவருடைய 'பிரதம் பிரதிசுருதி' தமிழில் 'முதல் சபதம்' என்ற பெயரில் கிடைக்கிறது. அதற்குப் பிறகு 1967-ல் 'சுவர்ணலதா', 1974-ல் 'பகுல் கதா'. அம்மா, பெண், பேத்தி என்று மூன்று தலைமுறை. 1976-ஆம் வருஷத்து ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

முதல் நாவலில் ராம்காளி என்று ஒரு வைத்தியர் வருகிறார். சத்தியவதியின் தகப்பனார். ஊரே கும்பிடுகிற மனிதர், நேர்மையானவர், கருணையுள்ளவர். ஒரு நாள் வழியில் ஒரு கல்யாணக் கோஷ்டியைச் சந்திக்கிறார். மாப்பிள்ளையின் உடம்பைப் பார்த்ததுமே பிழைக்க மாட்டான் என்று தெரிந்துகொள்கிறார். அன்று ராத்திரி முகூர்த்தம் தவறினால் பெண் வீட்டாருக்கு ஜாதிப் பிரஷ்டம். அந்தத் தகப்பனை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று ராம்காளி துடிக்கிறார். தம் குடும்பத்துப் பையன் ராசுவை அழைத்துப் போய் மணையில் உட்கார்த்திவிடுகிறார். எவ்வளவு பெரிய உபகாரம்! ஊர் புகழ்கிறது. ராசுவுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டில் சாரதா என்று ஒரு மனைவி இருக்கிறாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தப்பு என்று ராம்காளிக்குத் தோன்றவே இல்லை. சின்னப் பெண்ணான சத்தியவதிக்குத் தோன்றுகிறது. தகப்பனாரையே கேட்கிறாள்.

இந்த இடத்தில் வில்லன் யார்? ஒருவரும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்வில் மண் விழுந்தது. மண்ணைப் போட்டது கருணை. சத்தியவதிக்கு எட்டு வயசில் கல்யாணம் செய்து வைத்தவரும் இதே ராம்காளிதான். அவளிடம் உயிராக இருந்தவரும் அவரேதான்.

இப்போது ஆப்கானிஸ்தான நாவலுக்குத் திரும்பி வாருங்கள். நம் பெரியவர் ரஷீதைத் திட்டினார். ரஷீதைத் திட்டுவது சுலபம், அவன் அடிக்கிறான். ஜலீலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜலீல் மரியத்தின் தகப்பன். பணக்காரன், நாகரிகமானவன், சினிமாக் கொட்டகைச் சொந்தக்காரன். முறைப்படி பிறக்காத பெண் ஆனாலும், வியாழக்கிழமைதோறும் அவளைப் பார்க்க வருவான், பரிசு கொண்டுவருவான், கொஞ்சுவான். அவள் ஒரு நாள் அவன் வீட்டைத் தேடி வந்தபோது கதவு திறக்கவில்லை. ராத்திரி முழுவதும் வாசலிலேயே கிடந்தாள். பிறகு குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பதினைந்து வயசில் அவளைக் காபூலுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டான். ரஷீத் கைக்கு அவள் போய்ச் சேர்ந்தது ஜலீலின் கை வழியாகத்தான். நல்லவன், பாசமுள்ளவன், கதவைத் திறக்கத் தைரியமில்லாதவன். வாசிக்கிற நமக்கு இந்த நாவலில் ஒரு பாத்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றால் அது மரியம் அல்ல, ரஷீதும் அல்ல, ஜலீல்தான். அந்தப் பக்கங்களைத்தான் நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இப்படிப்பட்ட நாவலில் பூட்டிக் கிடப்பவள் யார் என்று பார்ப்பது பாதி வாசிப்பு. சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அந்த இடுப்பு யார் இடுப்பைப்போல் இருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. முதல் பாதிக்குக் கண்ணீர் போதும். இரண்டாவது பாதிக்கு வெட்கம் வேண்டும்.

சத்தியவதி தன் மகள் சுவர்ணாவைப் படிக்க வைக்கப் பாடுபட்டாள். அவள் அருகில் இல்லாத சமயம் பார்த்து, பத்து வயசுகூட நிறையாத அந்தக் குழந்தைக்கு மாமியார் கல்யாணத்தை முடித்துவிட்டாள். கணவன் நவகுமாரன் நல்ல மனிதன், ஆனால் தடுக்கவில்லை. சத்தியவதி குடும்பத்தையே விட்டு வெளியேறுகிறாள்.

அந்த சுவர்ணலதா வாழ்க்கைப்பட்ட வீட்டில், புது வீடு கட்டும்போது அவள் கேட்டதெல்லாம் தெருவைப் பார்க்க ஒரு வராந்தா. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. நின்று வெளியே பார்க்க ஓர் இடம். ஆகட்டும் என்று சொன்ன புருஷன் வராந்தா இல்லாமலே வீட்டைக் கட்டி முடித்தான். இதைப் படித்துவிட்டு, 'இதென்ன பிரமாதம், ஒரு வராந்தாவுக்குப் போய் இத்தனை துக்கமா?' என்று கேட்டவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் தாலிபான் ஓர் உத்தரவு போட்டது: புதிதாகக் கட்டும் வீடுகளில், அடுத்த வீட்டு முற்றமும் சமையற்கட்டும் கிணறும், அதாவது பெண்கள் நடமாடும் இடங்கள், கண்ணில் படும்படி ஜன்னல் வைக்கக்கூடாது என்று. வராந்தாவும் ஜன்னலும் சின்ன விஷயம் இல்லை என்பது அடைத்து வைக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். வாசகனுக்குத்தான் தெரிவதில்லை. அங்கே அரசாங்கம் ஆணை போட வேண்டியிருந்தது. கல்கத்தாவில் ஆணை ஒன்றும் தேவைப்படவில்லை. மனைவிக்கு ஆகட்டும் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிற ஒரு புருஷன் போதுமாக இருந்தான்.

அப்படியானால் எப்படித்தான் வாசிப்பது என்று கேட்பீர்கள். வாசித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஈரான் தேசத்தில் ஆஸர் நஃபீஸி என்ற ஆங்கிலப் பேராசிரியை, சர்வகலாசாலை வேலையை விட்ட பிறகு, 1995 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை காலையில் தம் மாணவிகளில் ஏழு பேரை வீட்டுக்கு வரவழைத்து நாவல்கள் வாசித்தார். பிறகு அதை ஒரு புத்தகமாக எழுதினார். 'ரீடிங் லோலிதா இன் டெஹ்ரான்' என்ற பெயரில் 2003-ல் வந்தது. அவர்கள் வாசித்தவற்றில் ஒன்று ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்'. ஐந்து பெண்கள் உள்ள வீடு. தகப்பனுக்குப் பின் சொத்து பெண்களுக்கு வராது, தாயாதிப் பையனுக்குப் போகும். ஆகவே கல்யாணம் ஒன்றுதான் கதி. டெஹ்ரான் பெண்கள் இதைப் படித்துவிட்டு, 'ஐயோ பாவம், இங்கிலீஷ்காரப் பெண்கள்!' என்று அழவில்லை. நாவலின் முதல் வாக்கியத்தைத் தங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பொருத்தி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். தூரத்து வீட்டைப் பார்த்துத் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நாம் தூரத்து வீட்டைப் பார்த்துவிட்டு நம் வீட்டை மறக்கிறோம். அவர்கள் கையிலும் நம் கையிலும் இருப்பது புத்தகந்தான். பிடிக்கிற விதத்தில்தான் வித்தியாசம்.

வாசகர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அழுகையை விலைக்கு விற்கிற கடைக்காரர்களில் நானும் ஒருவன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். கதாநாயகி புகுந்த வீட்டில் படாத பாடு பட்டுக் கடைசியில் கிணற்றில் விழுந்து செத்துப்போவாள். கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாரும் அழுததாக எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கடிதம் மட்டும், பெயர் போடாமல், ஒரு பெண்மணியிடமிருந்து. 'அவளை ஏன் கொன்றீர்கள்? செத்துவிட்டால் உங்களுக்குச் சௌகரியம். உயிரோடு இருந்தால் மறுநாள் காலையில் அவள் என்ன செய்தாள் என்று நீங்கள் எழுத வேண்டியிருக்கும். நான் உயிரோடு இருக்கிறேன். எனக்கு அந்த அத்தியாயம் வேண்டியிருந்தது' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு என் கதைகளில் எந்தப் பெண்ணையும் கிணற்றில் தள்ளவில்லை என்பதைத் தவிரப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஆஷாபூர்ணா தேவி அந்த மறுநாள் காலையை எழுதினார். சுவர்ணலதா எழுதிய புத்தகம் அச்சுப் பிழைகளோடு வந்து சேருகிறது. அவள் பெற்ற பிள்ளைகளே அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அத்தனையையும் மாடிக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே கொளுத்துகிறாள். அதோடு கதை முடியவில்லை. அவள் மகள் பகுல் எழுத்தாளியாகிறாள்.

"நாவல் என்பது பொழுதுபோக்கு. அதில் போய் இத்தனை கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பொழுதுபோக்குக்கு நான் விரோதி அல்ல. ஆனால் இன்னொருத்தியின் துயரம்தான் நம் பொழுதுபோக்கு என்றால், அதற்குக் கொஞ்சம் கூலி கொடுக்க வேண்டாமா?

"எங்கள் வீட்டில் பெண்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறோம்" என்கிறவர்கள் வேறு. கொடுத்திருக்கிறோம்! அந்தச் சொல்லை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். யாரிடம் சரக்கு இருக்கிறதோ அவர்தான் கொடுக்க முடியும். கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியும். ஹாஸ்டல், வேலை, இஷ்டப்பட்ட கல்யாணம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் வாங்கிக்கொள்ளப்படுகிறது. காரணமும் கொடுமையான காரணம் அல்ல. காலம் கெட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான். காலம் என்றைக்குத்தான் கெடாமல் இருந்தது? ராம்காளியைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பெரியவருக்கு 'முதல் சபத'த்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பழுப்பு அட்டை போட்டு ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்தார். "அற்புதமான நாவல். ராம்காளி எப்பேர்ப்பட்ட மனிதர், சார்!" என்றார்.

இந்தத் தடவை நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வரவில்லை. சாரதாவைப் பற்றிக் கேட்டேன். பிறகு ஜலீலைப் பற்றிக் கேட்டேன். அப்புறம், கோயமுத்தூரைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "கதை வேறே, குடும்பம் வேறே. உங்களுக்கு இது தெரிய வேண்டாமா?" என்றார். உள்ளேயிருந்து பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுபோயிற்று. அவ்வளவுதான் நடந்தது. அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதிக் கதையை முடிக்க எனக்கு ஆசைதான், ஆனால் மாறவில்லை. அந்தப் பெண் பி.காம். படித்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர் என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

நல்ல வாசகர் ஒருவரை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும், மரியத்துக்காக அவர் இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்ததைவிட, என்மேல் உள்ள கோபத்தில் ஒரு ராத்திரி தூங்காமல் இருந்தால் அதை நான் பெரிதாக மதிப்பேன். அழுகை அவரை ஜலீலாகவே விட்டுவைத்தது. கோபமாவது அவரைக் கதவருகில் கொண்டுபோய் நிறுத்தட்டும். திறப்பது அவர் கையில்தான் இருக்கிறது. அதுதான் இதில் உள்ள சங்கடமே.